கட்டளையை மீறக் கற்ற நாய்

வழிகாட்டி நாய் சிக்னல் விளக்கைப் பார்த்துத்தான் பார்வையற்றவரைச் சாலையைக் கடக்க வைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நாய்க்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். வண்டிச் சத்தத்தைக் காதால் கணித்து, 'போ' என்று சொல்பவர் பார்வையற்றவரே. அதற்குப் பிறகுதான் நாயின் வேலை. சத்தமே இல்லாமல் ஒரு கார் திரும்பி வந்தால், கட்டளையை மீறி நாய் நின்றுவிட வேண்டும்.

இதை எப்படிப் பழக்குகிறார்கள்? பயிற்சியாளர் 'போ' என்பார். உடனே இன்னொருவர் காரைக் குறுக்கே ஓட்டி வருவார். நாய் நின்றால் பாராட்டும் தீனியும். தாழ்ந்த மரக்கிளை இன்னும் சிக்கல். தான் நுழைந்துவிடலாம், ஆனால் மனிதர் தலை இடிக்கும் என்று நாய் கணக்குப் போட வேண்டும்!

பெரும்பாலும் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் இனங்களே தேர்வாகின்றன. சுமார் 8 வாரக் குட்டி தன்னார்வலர் வீட்டுக்குப் போகும். ஓராண்டுக்கு மேல் பஸ், கடைத்தெரு, படிக்கட்டு என எல்லாம் பழகும். பிறகு சில மாதங்கள் பயிற்சிப் பள்ளி. மிரளும் நாய்கள் தேறுவதில்லை.

வழிகாட்டி நாய்களுக்கான முதல் பள்ளி 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில், போரில் பார்வை இழந்த வீரர்களுக்காகத் தொடங்கியது.

கைப்பிடி வார் மாட்டிய நாயைக் கண்டால் தடவாதீர்கள், கூப்பிடாதீர்கள். அது வேலையில் இருக்கிறது.