கலைஞரின் நாட்குறிப்பும் கலையாக்கமும்: கேதே கொல்விற்ஸ் பற்றிச் சில குறிப்புகள்

கலைஞர் ஒருவரின் நாட்குறிப்பு என்றதும் அதனை அந்தரங்க உள்ளத்தின் வெளிப்பாடாக மட்டுமே கொள்ளும் வழக்கம் திறனாய்வாளரிடையே வேரூன்றியுள்ளது. கலையாக்கத்தை அகத்தூண்டலின் விளைவாகக் கருதும் கருத்துமுதல்வாத நோக்கின் பேறே இவ்வழக்கமாகும். ஆயின், தொழிற்படும் கலைஞரின் நாட்குறிப்பு உழைப்பின் பதிவேடுமாகும். எதனைத் தொடங்கினார், எங்கே தடைப்பட்டார், எச்சாதனத்தைக் கைவிட்டு எதனை ஏற்றார் என்பன அதிற் பதிவாகின்றன. முடிவுற்ற படைப்பு மறைத்துவிடும் முரண்பாடுகளை அது புலப்படுத்துகின்றது. ஜேர்மனியக் கலைஞர் கேதே கொல்விற்ஸின் (1867-1945) நாட்குறிப்புகளை இவ்வகையில் நோக்குவோம்.

1844ஆம் ஆண்டின் சிலேசிய நெசவாளர் கிளர்ச்சியைப் பொருளாகக் கொண்ட ஹௌப்ற்மனின் நாடகத்தை 1893இற் கண்ட கொல்விற்ஸ், 'நெசவாளர்' என்னும் ஆறு படங்களைக் கொண்ட தொடரை 1897இல் நிறைவு செய்தார். அடுத்த ஆண்டு அதற்குப் பதக்கம் வழங்குமாறு நடுவர் குழு பரிந்துரைத்தபோது, பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார். கொல்விற்ஸ் 1908இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1943வரை தொடர்ந்தார். அவருடைய கணவர் பேர்லினின் தொழிலாளர் குடியிருப்பொன்றில் மருத்துவராகப் பணியாற்றினார். அங்கு வந்த பெண்களின் வறுமையும், ஓயாத பிள்ளைப்பேறும், வேலையற்ற கணவரின் குடியும் நாட்குறிப்பிற் பதிவாகிப் படங்களுக்குப் பொருளாயின.

1914 ஒக்டோபரில், பதினெட்டு வயதினனான இளைய மகன் பீற்றர் பெல்ஜியப் போர்முனையில் இறந்தான். தொண்டனாகப் படையிற் சேர அவனுக்குத் தந்தையின் அனுமதி வேண்டியிருந்தது. தயங்கிய தந்தையை இணங்கச் செய்தவர் தாயே. எனவே அவருடைய துயரம் குற்றவுணர்வினின்றும் பிரிக்க முடியாததாயிற்று. தொடக்கத்தில், மகனின் சாவைத் தியாகமெனக் கருதி அக்கருத்தையே அவர் பற்றிநின்றார். 1916 அளவில், இப்போரை வெறியெனக் காண்பது இறந்தவனுக்குச் செய்யும் துரோகமாகுமோ எனத் தம்மையே வினவுகிறார். 1918 ஒக்டோபரில் மேலும் தொண்டர்களைப் போருக்கு அழைத்த கவிஞர் டேமலுக்கு மறுப்பாகப் பகிரங்கக் கடிதம் எழுதினார். விதைத் தானியத்தை அரைத்தலாகாது என்னும் கதேயின் கருத்தை அதில் எடுத்தாண்டார். ஆளும் வர்க்கத்தின் தேசபக்திக் கருத்துநிலையிலிருந்து ஒருவர் விடுபடுவதற்கு நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன.

இம்மாற்றம் கலை வடிவத்திலும் நிகழ்ந்தது. 1914 டிசெம்பரில் அவர் திட்டமிட்ட நினைவுச் சின்னத்தில் மகனின் உடல் கிடக்க, தலைமாட்டில் தந்தையும் காலடியில் தாயும் இருந்தனர். 1919இல் அப்பணியைக் கைவிட்டுப் பின்னர் மீண்டும் தொடங்கினார். 1932இல் பெல்ஜியத்தில் நிறுவப்பட்ட சின்னத்தில் மகன் இல்லை. முழந்தாளிட்ட பெற்றோர் இருவர் மட்டுமே உளர். வீரமரணம் என்னும் கருத்து நீங்க, அதனைத் தாங்கிய உருவமும் நீங்கியது என்றே யாம் கொள்கிறோம். நாட்குறிப்பு இல்லையேல் இவ்வடிவ மாற்றத்தின் சமூக அடிப்படை புலப்படாது போயிருக்கும்.

முற்போக்கு வாசகர்க்கு இடர்ப்பாடு தரும் பகுதியும் உண்டு. கொலையுண்ட கார்ல் லீப்னெக்ற்றின் உடலை, 1919 ஜனவரியில் அவர் குடும்பத்தினரின் வேண்டுகோளின்படி கொல்விற்ஸ் வரைந்தார். செப்புத்தகட்டுப் பொறிப்பும் கல்லச்சும் நிறைவு தராமையால், பார்லாக்கின் மரச்செதுக்குகளைக் கண்ட பின்னர், 1920இல் அச்சாதனத்தில் அதனை முடித்தார். கட்சி சாராத ஒருவர் இதனைச் செய்யலாமா என்ற கண்டனம் எழுந்தது. லீப்னெக்ற்றின் அரசியலைப் பின்பற்றாவிடினும், தொழிலாளரின் துயரை வெளிப்படுத்தும் உரிமை கலைஞருக்கு உண்டென்பதே அவருடைய விடை. தாம் புரட்சியாளர் அல்லர் என்பதையும், உறுதியான நிலைப்பாடு எடுக்காமை கோழைத்தனமோ என்ற ஐயத்தையும் அவர் ஒளிக்கவில்லை.

இவ்வொப்புதலை வைத்து அவரை நிராகரிப்பது வரட்டு வாதமாகும். அதனை மறைத்து அவரைப் புரட்சிக் கலைஞராகப் புனைவதோ வரலாற்றுக்கு முரணாகும். பிரகடனம் செய்யப்பட்ட கொள்கைக்கும் படைப்பின் புறநிலைப் பயனுக்கும் இடையேயுள்ள உறவு நேர்கோட்டில் அமைவதன்று. 1933இல் நாசிகள் அவரைப் பிரஷ்யக் கலைக்கழகத்திலிருந்து விலகச் செய்தமை, அப்படைப்புகளின் வர்க்கச் சார்பை எதிரிகள் தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகும். விதைத் தானியம் பற்றிய அதே வாசகத்தைத் தலைப்பாக்கி, பிள்ளைகளைத் தன் கைகளால் மூடிக்காக்கும் தாயின் கல்லச்சை 1942இல் அவர் வெளிக்கொணர்ந்தார். அவ்வாண்டிலேயே, பீற்றர் என்னும் பெயருடைய பேரனும் போரில் இறந்தான்.

கலைஞர் எந்நிலையில் நிற்கிறார் என்று வினவுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். அந்நிலைக்கு எவ்வாறு வந்தார் என்பதையும் வினவுதல் வேண்டும். அதற்கு விடைதரும் மூலாதாரம் நாட்குறிப்பேயாகும்.