ஒரு படம், நான்கு பிராசஸ்கள்

சூளூர்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, பழவேற்காடு ஏரியின் குறுக்கே செல்லும் சாலை வழியே போனால் ஸ்ரீஹரிகோட்டா வரும். அங்கிருந்து 2005 மே 5ஆம் தேதி ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலமுள்ள நிலப்பட்டையை இரண்டரை மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் படம் பிடித்து அனுப்பிற்று. அந்தக் கணக்கில், நீளமும் அகலமும் 30 கிலோமீட்டரான ஒரு சதுரப் படத்தில் 14 கோடியே 40 லட்சம் புள்ளிகள் அடங்கும். புள்ளிக்கு இரண்டு பைட் என்றால் கோப்பு 28 கோடியே 80 லட்சம் பைட் ஆகிவிடும்.

இப்படத்தில் ஏரியின் கரைக்கோட்டைத் தேட முற்படுகிறவர், வழக்கமான பைத்தானில் ஒரு பிராசஸ் ஒரு சமயத்தில் ஒரே இழையின் கட்டளைகளைத்தான் நிறைவேற்றும் என்ற நிர்ப்பந்தத்தினால், வேலையை நான்கு பிராசஸ்களுக்குப் பங்கிடுவார். ஆனால் ஒன்றின் நினைவகத்தில் மற்றொன்று பிரவேசிக்க இயங்குதளம் அனுமதிப்பதில்லையாதலால், ஒவ்வொன்றும் படத்தைத் தனித்தனியே படித்து வைத்துக்கொண்டால், ஒரே படத்துக்கு நான்கு பிரதிகள் உண்டாகி 115 கோடி பைட்டுகளை விழுங்கிவிடும்.

இதற்குப் பரிகாரமாக அமைந்ததே, கோப்பை நினைவகத்தின் ஒரு பகுதியைப்போலவே அணுகவைக்கும் எம்மேப் என்ற முறை. கோப்பை இம்முறையில் திறக்கும்போது உடனே எதுவும் படிக்கப்படுவதில்லை. பிராசஸின் முகவரிப் பரப்பில் கோப்பின் அளவுக்கு இடம் ஒதுக்கப்படுகிறது, அவ்வளவே. நிரல் ஒரு புள்ளியை முதன்முறை தொடும்போது இயங்குதளம் குறுக்கிட்டு, அப்புள்ளி அடங்கிய பக்கத்தை (சாதாரணமாக 4096 பைட்) வட்டிலிருந்து கொண்டுவந்து நிறுத்துகிறது. அதே பக்கத்தை இன்னொரு பிராசஸ் நாடினால் மீண்டும் வட்டுக்குப் போகவேண்டியதில்லை. இரண்டு தெருக்களிலும் வாசலும் கதவிலக்கமும் உள்ள முனைவீட்டைப்போல, ஒரே நினைவகப் பக்கம் இரண்டு பிராசஸ்களுக்கும் வெவ்வேறு முகவரியில் காட்சியளிக்கும். யோசனை புதிதன்று, 1960களின் மல்டிக்ஸ் இயங்குதளத்திலேயே இதன் மூலத்தைக் காணலாம். கோப்பே இல்லாமல், ஒரு பெயரை மட்டும் கொண்டு நினைவகத்தைப் பகிரும் வசதி 2019இல் பைத்தான் 3.8உடன் வந்தது.

பகிர்ந்து கொடுக்கும் இயங்குதளம், முறை வைத்துக் கொடுப்பதில்லை. இரண்டு பிராசஸ்கள் ஒரே எண்ணை ஏககாலத்தில் படித்து, ஆளுக்கு ஒன்று கூட்டி எழுதினால், ஒருவரது உழைப்பு மாயமாகிவிடக்கூடும். ஆகவே எழுதுவோருக்குப் பூட்டு அவசியம். படத்தைப் பார்க்க மட்டுமே வேண்டுபவர் படிக்கும் உரிமையோடு மட்டும் திறப்பது உத்தமம். எழுதியது மற்றவர் கண்ணில் படுவதற்கு ஃபிளஷ் கட்டளை வேண்டுமென்று பலர் எண்ணுகிறார்கள்; அது வட்டில் பதிவதற்கே தேவை, அண்டைப் பிராசஸுக்கு அன்று.

இவ்வளவு சிக்கனம் செய்தபின், பைத்தானுக்கே உரிய ஒரு விபரீதம் காத்திருக்கிறது. எம்மேப்பின் ஒரு பகுதியைச் சதுர அடைப்புக்குறியால் வெட்டி எடுத்தால், கிடைப்பது பகிர்ந்த பக்கமன்று, புதிய பிரதி. மெமரிவியூ வழியாகவோ நம்பை அணியாகவோ அணுகினால்தான் பிரதி எடுக்கும் செலவு மிச்சமாகும்.