மனம் தேறும் படிகள்

காய்ச்சல் கண்டால் அஃது எந்நாளில் ஏறும், எந்நாளில் இறங்கும் என்று நம் பாட்டிமார்கூடச் சொல்லிவிடுவர். மனத்துக்கு வரும் நோய் எவ்வாறு தணிகிறது என்பது பற்றி மட்டும் படித்தவர்களாகிய நமக்கே தெளிவு போதாது. "பேசினால் நோய் போய்விடுமா?" என்று நகைப்போர் ஒரு சாரார், "நாலு தடவை பேசியும் போகவில்லையே!" என்று சலிப்போர் மற்றொரு சாரார். நான் பயில்வது இரசாயனம். இத்துறை பற்றி நான் தேடிப் படிக்க நேர்ந்தது என் தாய்மாமன் பொருட்டு.

எங்கள் ஊர் கோலார் தங்கவயலைச் சேர்ந்த கோரமண்டல். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபோது மாமாவுக்கு வயது முப்பது. அதன்பின், ஊரார் பலரையும் போலவே, விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று காவலாளி வேலை பார்த்து இரவில் திரும்புவார். 2017-இல் ஒரு நாள், ஓடும் வண்டியில் நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது, உயிர் போகிறது என்றே எண்ணிவிட்டார். இருதயத்தில் கோளாறு ஒன்றுமில்லை என்றனர் மருத்துவர். ஆயினும் அச்சம் அகலவில்லை. வண்டியின் ஊதல் கேட்டாலே உடம்பெல்லாம் வியர்க்கும். தூக்கம் போயிற்று, பின்னர் வேலையும் போயிற்று. பெங்களூர் மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவுக்குப் பேச்சு மருத்துவத்துக்காக அனுப்பினார்கள். பேருந்தில் துணைக்குச் சென்றவன் நான்.

மூன்றாம் சந்திப்பு முடிந்து திரும்புகையில் மாமா வயிறாரத் தோசை தின்றார், சிரித்தார். "டேய், எனக்கு ஒண்ணுமில்லடா, சரியாப் போச்சு" என்றார். நாங்களும் நம்பினோம். இருவர் பேருந்துக் கட்டணம் மிச்சம் என்று அத்தோடு நிறுத்தினோம். ஐந்தே திங்களில் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பிற்று.

நாங்கள் அறியாதிருந்த செய்தி ஒன்றை அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து அறிஞர் கென்னத் ஹோவர்டும் அவர்தம் கூட்டாளிகளும் 1993-லேயே எழுதியிருக்கின்றனர். நோயாளி மூன்று படிகளில் தேறுகிறார் என்பது அவர்கள் கொள்கை. முதலில் திரும்புவது நம்பிக்கை. அடுத்துத் தணிவன நோயின் அறிகுறிகள். கடைசியில், அதுவும் மெல்ல மெல்லச் சீர்படுவது வாழ்க்கை. அதாவது தொழில், குடும்பம், பிறரோடு பழகுதல் ஆகியவை. எல்லா நோயாளியும் இவ்வரிசை பிசகாமல் நடப்பதில்லை என்று பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டினாலும், முதற்படி விரைவில் கிட்டும் என்பது பலரிடமும் காணக்கூடியது. ஏன்? மருத்துவரை நாடி வருகிறவர் நோயால் மட்டுமா வாடுகிறார்? "இனி நம்மால் ஆகாது" என்று மனமொடிந்தும் வருகிறார். அந்த ஒடிவு நிமிர்வதே முதல் குணம் என்று ஜெரோம் பிராங்க் 1961-இல் வெளியான தம் நூலில் விளக்கினார். வேப்பிலை அடிக்கும் பூசாரியிடம் சென்றவரும் சிறிது தெளிவதன் இரகசியம் இதுவே என்பது என் எண்ணம்.

ஆகவே மாமா கண்ட சுகம் பொய்யன்று, முதற்படி. அதனை மாடி என்று எண்ணியது எங்கள் பிழை. இதே ஹோவர்ட் 1986-இல் 2,400-க்கு மேற்பட்ட நோயாளிகளின் கணக்கைத் தொகுத்துப் பார்த்தார். எட்டாம் சந்திப்புக்குள் ஏறத்தாழப் பாதிப்பேரும், இருபத்தாறாம் சந்திப்புக்குள் நூற்றுக்கு எழுபத்தைந்து பேரும் முன்னேற்றம் கண்டிருந்தனர். நாங்களோ மூன்றில் நிறுத்தினோம்!

மறுமுறை சென்றது 2018 தொடக்கத்தில், வேறோர் இடத்துக்கு. முன்பு பாதிக் கன்னடத்திலும் பாதி ஆங்கிலத்திலும் உரையாடல் நடந்தது. மாமாவுக்குக் கன்னடம் நன்றாகவே வரும். ஆனால் அச்சத்தைத் தமிழிலன்றிச் சொல்ல வராது. இம்முறை வாய்த்த அம்மையார் தமிழ் பேசினார், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டே தொடங்குவார். இது சிறு செய்தியன்று. நம் நாட்டு நோயாளிகள் மன ஆழத்தைத் துருவும் விளக்கத்தைவிட நேரடியான ஆதரவை எளிதில் ஏற்கின்றனர் என்று சூர்யா, ஜெயராம் என்ற இருவர் 1964-லேயே எழுதினர். அவர்கள் குறித்தது, பிற்காலத்தில் நிம்ஹான்ஸ் ஆகிய பெங்களூர் நிலையத்தில் கண்ட அனுபவத்தை. நம் மரபின் குரு–சீடர் உறவையே மருத்துவத்துக்கு மாதிரியாகக் கொள்ளலாமா என்று 1973-இல் ஆராய்ந்தார் நேகி.

இனி, எனக்கு மிகவும் வியப்பளித்த செய்தி. நோயாளியின் பேச்சே மாறுகிறது! கார்ல் ராஜர்ஸ் என்பார் மருத்துவ உரையாடல்களின் ஒலிப்பதிவுகளைப் பன்முறை கேட்டு, 1958-இல் இம்மாறுதலை ஏழு கட்டங்களாக வகுத்தார். தொடக்கத்தில் நோயாளி தம்மைப் பற்றிப் பேசவே மாட்டார். குறையெல்லாம் வெளியே இருக்கும். பிறகு பழைய உணர்ச்சிகளை, யாருடையவோ போலச் சொல்வார். நெடுநாள் சென்றே இந்நொடியில் தமக்குள் எழுவதைத் தயங்காமல் சொல்வார். மாமாவிடம் இதனை நான் காதால் கேட்டேன். முதலில், "வண்டியில கூட்டம் சரியில்ல" என்பார். சில திங்கள் கழித்து, "சுரங்கம் மூடினப்போ எல்லாருக்கும் பயந்தாண்டா" என்றார். ஒரு நாள் மாலை, பேருந்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இப்போ பயமா இருக்குடா" என்றார். நான் கலங்கிவிட்டேன். நோய் முற்றுகிறது என்று நினைத்தேன். அது தேறுதலின் அடையாளம் என்பது அன்று எனக்குத் தெரியாது.

அறிகுறி தணியும் இரண்டாம் படி கடுமையானது. அச்சந்தரும் பொருளை விலக்க விலக்க அச்சம் வளரும். சிறுகச் சிறுக நெருங்கி, தாங்கி நின்றால், "ஒன்றும் நேரவில்லை" என்பதை மூளை புதிதாகக் கற்கும். முதல் வாரம் கோரமண்டல் நிலையத்துப் பலகையில் அமர்ந்து வண்டி போவதைப் பார்ப்பதே பாடம். அடுத்து, நின்ற வண்டியில் ஏறி இறங்குதல். பிறகு பங்காரப்பேட்டை வரை. இந்நாள்களில் அவர் முன்னைவிட அதிகம் நடுங்கினார். அத்தை மருத்துவத்தையே நிறுத்தச் சொன்னார். பலர் விட்டுவிடுவது இங்கேதான் போலும்.

அச்சம் அடங்கிய பின்னும் மாமா வீட்டில் விருந்தாளி போலவே இருந்தார். வரவு செலவெல்லாம் அத்தை கைக்குப் போயிருந்தது. ஓர் உறவினர் திருமணத்தில் தாமே வாளியைத் தூக்கிப் பந்தியில் சாம்பார் பரிமாறியதுதான் நாங்கள் கண்ட மாறுதல். அதன்பின் பகுதி நேரமாக ஒரு கடைக்குக் கணக்கெழுதப் போனார். சந்திப்புகளின் இடைவெளி இரு வாரமாகி, ஒரு திங்களாகி, இரு திங்களாயிற்று. கடைசிச் சந்திப்பு 2019 மார்ச்சில். அன்று எனக்குப் பி.யூ.சி. தேர்வு இருந்தபடியால், இரயிலில் தனியே போய் வந்தார்.