ஊர் கொடுத்த பெயர்

வானத்திலே இரைந்து செல்லும் மிக் என்னும் ருஷ்யப் போர்விமானத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர் சிலரே. மிகோயன், குரேவிச் என்னும் பொறியியலாளர் இருவரின் பெயர்களினது முதலெழுத்துக்கள் சேர்ந்து அமைந்தது அப்பெயர். நடுவே நிற்கும் இகரம் ருஷ்ய மொழியில் நமது எண்ணும்மைக்கு நிகரான சொல். இருவருள் மிகயில் குரேவிச் (1893-1976) யூத குலத்தவர். குரேவிச் என்னும் குடும்பப் பெயரின் வேரைத் தேடிச் செல்வோமாயின், நாம் சென்றடையும் இடம் ருஷ்யா அன்று. செக் நாட்டிலே, பிராக் நகருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 30 மைல் தொலைவில் உள்ள ஹொர்ஷொவிற்செ என்னும் சிற்றூரே அது. ஹொறொவிற்ஸ், ஹூர்விற்ஸ், குர்விச், குரேவிச் என உலகெங்கும் வழங்கும் பெயர்கள் அச்சிற்றூரின் பெயரிலிருந்து கிளைத்தவை.

முற்காலத்து யூதரிடையே குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. இன்னார் மகன் இன்னார் என்பதே போதியதாயிருந்தது. நம்மவர் தந்தையின் பெயரைத் தம் பெயருக்கு முன் இடுவதும் அத்தகையதே. ஆனால் ஒருவர் ஓரூரைவிட்டு வேற்றூரில் குடியேறியபோது, அங்குள்ளோர் அவரை விட்டுவந்த ஊரின் பெயரால் அழைக்கலாயினர். இதை நேயர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஹொறொவிற்சில் வாழும்வரை ஒருவரை ஹொறொவிற்ஸ்காரர் என்று அழைக்கவேண்டிய தேவை எழுவதில்லை. ஊர்ப்பெயரைத் தாங்கிய குடும்பம் அவ்வூரில் இல்லாத குடும்பமாகும்.

பண்டை எருசலேம் ஆலயத்திலே பணிபுரிந்த லேவியர் மரபினரெனத் தம்மைக் கூறிக்கொண்ட ஒரு குடும்பத்தார் 15ஆம் நூற்றாண்டில் அச்சிற்றூரிலிருந்து பிராக் நகருக்குச் சென்றனர். 'ஹொறொவிற்ஸ் மனிதன்' என்று பொருள்படும்படி எபிரேய மொழியிற் கையொப்பமிட்டனர். பிராக்கிலே அவர்கள் செல்வமும் செல்வாக்கும் எய்தினர். ஆரோன் மெசுல்லாம் ஹொறொவிற்ஸ் என்பவர் 1535ஆம் ஆண்டில் எழுப்பிய பிங்காஸ் தொழுகைக்கூடம் இன்றும் அந்நகரில் நிற்கின்றது.

அக்குடும்பத்தில் வந்த ஏசாயா ஹொறொவிற்ஸ் என்னும் ஞானாசிரியரின் வாழ்க்கையே ஒரு நெடும் பயணம். பிராக்கிலே பிறந்த அவர் போலந்திற் பணிபுரிந்து, 1606ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகருக்குக் குருவாக அழைக்கப்பட்டார். 1614ஆம் ஆண்டில் அங்கே கலகக் கும்பல் யூதரின் வீதியைச் சூறையாடி அவர்களைத் துரத்தியது. பிராக்கிற்குத் திரும்பிய அவர், 1621ஆம் ஆண்டில் எருசலேம் நோக்கிப் புறப்பட்டார். அங்கும் அமைதி கிட்டவில்லை. 1625ஆம் ஆண்டில் நகராளுநன் பணம் பறிக்குமாறு அவரையும் வேறு குருமாரையும் சிறையிலிட்டான். மீட்புப் பணம் கொடுத்து விடுதலையான பின்னர் வடக்கே சென்று, திபேரியா நகரில் 1630ஆம் ஆண்டளவிற் காலமானார். பிராங்பேர்ட்டோ அப்பெயரை முற்றாக இழந்துவிடவில்லை. 1771ஆம் ஆண்டிலே பின்காஸ் ஹொறொவிற்ஸ் என்பார் கிழக்கிலிருந்து அங்கு வந்து குருப்பீடம் ஏறினார்.

இனி, ஒரு பெயர் பலவாகிய வகையைக் காண்போம். எபிரேய எழுத்திலே ஒகரத்துக்கும் உகரத்துக்கும் வகரத்துக்கும் 'வாவ்' என்னும் ஒரே எழுத்து நிற்கும். ஆகவே எழுதப்பட்ட ஒரே பெயரை ஹொறொவிற்ஸ் எனவும் படிக்கலாம். ஹூர்விற்ஸ் எனவும் படிக்கலாம். ருஷ்ய நாட்டை அடைந்தபோது வேறொரு தடை வந்தது. ஹகர ஒலிக்கு ருஷ்ய மொழியில் தனி எழுத்தில்லை. 'காந்தி' என்னும் பெயரின் முதலொலியையே அவ்விடத்தில் இட்டு எழுதுதல் பழைய வழக்கம். ஹம்பேர்க் நகரமும் அங்கே கம்பேர்க் ஆயிற்று. மோஹத்தை மோகமாக்கிக்கொண்ட தமிழர்க்கு இது வியப்பன்று. பியானோ இசைமேதை விளாடிமிர் ஹொறொவிற்ஸ் 1903ஆம் ஆண்டில் உக்ரேனிலே பிறந்தவர். 1989ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் மறைந்தவர். மேல்நாடுகளில் ஹொறொவிற்ஸ் ஆகிய அவர், ருஷ்ய எழுத்திற் கொறொவிற்ஸ் ஆவார். 2007ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைத் தமது 90ஆவது வயதிற் பெற்ற லெயோனிட் ஹூர்விச் தம் பெயரைப் போலந்து முறைப்படி எழுதினார். அமெரிக்கத் துறைமுக எழுதுவினைஞரே குடியேறியோரின் பெயர்களை மாற்றினர் என்பது பலரும் சொல்லும் கதை. அவர்கள் கப்பலின் பயணிகள் பட்டியலைப் பார்த்தே பதிவு செய்தனர். மாற்றியோர் பெரும்பாலும் பின்னர்த் தாமே மாற்றிக்கொண்டனர்.

அரசுகள் இதில் தலையிட்டது பிற்காலத்திலேதான். ஆஸ்திரியாவை ஆண்ட இரண்டாம் யோசேப்பு 1787ஆம் ஆண்டிலும், ருஷ்ய அரசு 1804ஆம் ஆண்டிலும், யூதர் நிலையான குடும்பப் பெயர் கொள்ளல்வேண்டுமெனச் சட்டம் விதித்தனர். வரி அறவிடவும் படைக்கு ஆள் திரட்டவும் பதிவேடு வேண்டியிருந்தது; மக்களைப் பெருமைப்படுத்தும் நோக்கம் அதில் இருந்ததாகக் கொள்ளமுடியாது. அச்சட்டத்தால் வேறொரு விளைவும் உண்டாயிற்று. சமயச் சடங்கு மாத்திரம் செய்து நடந்த யூத மணங்களை ஆஸ்திரிய அரசு செல்லுபடியாகக் கொள்ளவில்லை. கலீசியா மாகாணத்திலே அத்தகைய மணங்களிற் பிறந்த குழந்தைகள் பலர் தாயின் குடும்பப் பெயரிலேயே பதியப்பட்டனர். லேவியர் மரபோ தந்தைவழி வருவது. எனவே லேவியர் அல்லாத ஹொறொவிற்ஸ்களும் உளர். பெயரை மாத்திரம் கொண்டு உறவு கொண்டாடுதல் பொருந்தாது.

பிராக் நகரின் பிங்காஸ் கூடத்துக்கு மீண்டும் வருவோம். நாற்சிகள் கொன்ற பொஹீமிய, மொறாவிய யூதர் ஏறக்குறைய 78,000 பேரின் பெயர்கள், 1950ஆம் ஆண்டுகளில் அதன் உட்சுவர்களிற் கையால் எழுதப்பட்டன. 1968ஆம் ஆண்டில், நிலத்தடி நீரின் ஈரம் சுவரில் ஏறியமையாற் கூடம் மூடப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மூடிக்கிடந்த காலத்திலே அவ்வெழுத்துக்கள் அழிந்தன. 1990ஆம் ஆண்டுகளில் ஒவ்வொரு பெயரையும் மறுபடி முதலிலிருந்து எழுதினர். சுவரில் ஊரின் பெயர் முதலில் வரும். அதன்கீழ்க் குடும்பப் பெயர். அடுத்து அவரவர் பெயர், பிறந்த நாள், உயிரோடிருந்ததாகக் கடைசியாக அறியப்பட்ட நாள்.