காவிரித் தண்ணீரின் தரம்: தீர்மானிக்கும் வாரியத்தில் உழவருக்கு இடம் உண்டா?

மேட்டூர் திறந்து, கல்லணையில் தண்ணீர் பிரிக்கும் நாளில் தஞ்சை விவசாயி முதலில் கேட்பது, "எத்தனை கன அடி வருகிறது?" என்பதுதான். தண்ணீர் கடைமடை வரை எட்டுமா, முறை வைப்பார்களா, நாற்று விடலாமா என்ற கவலை அடுத்து வரும். வருகிற தண்ணீரில் என்ன கலந்து வருகிறது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. காவிரி என்றாலே நல்ல தண்ணீர் என்பது தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் நம்பிக்கை.

ஆனால் மேட்டூருக்கும் கல்லணைக்கும் இடையே காவிரி பல ஊர்களைக் கடந்து வருகிறது. பவானியும் ஈரோடும் பள்ளிபாளையமும் அதன் கரையில் உள்ளன. திருப்பூரைத் தொட்டு வரும் நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. கரூரைக் கடந்து வரும் அமராவதி திருமுக்கூடலூரில் சேர்கிறது. சாயப் பட்டறை, தோல் பதனிடும் ஆலை, நகரச் சாக்கடை எல்லாவற்றுக்கும் வடிகால் கடைசியில் ஆறுதான். இவற்றின் கழிவு எவ்வளவு, எந்த அளவுக்குச் சுத்தம் செய்தபின் விடலாம், மீறினால் என்ன நடவடிக்கை என்பதை முடிவு செய்யும் பொறுப்பு தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. அந்த வாரியத்தின் மேஜையைச் சுற்றி யார் உட்காருகிறார்கள் என்பது டெல்டா விவசாயிக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

வாரியம் பிறந்த கதை

நாட்டில் தண்ணீர் மாசைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்தது 1974-ம் ஆண்டில். மத்தியில் ஒரு வாரியமும் மாநிலங்களில் ஒவ்வொரு வாரியமும் அமைக்க அது வழி செய்தது. தமிழ்நாட்டு வாரியம் 1982-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி அமைக்கப்பட்டது.

வாரியம் என்றதும் ஆலைகளுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகம் என்றே பலர் நினைக்கிறார்கள். சட்டம் அதற்கு மேலும் வேலை வைத்திருக்கிறது. தண்ணீர் மாசு பற்றிய ஆராய்ச்சியை நடத்துவதும் ஊக்குவிப்பதும் வாரியத்தின் கடமை. கழிவுநீரைச் சுத்திகரித்து விவசாயத்துக்குப் பயன்படுத்தும் முறைகளைக் கண்டறிவதும், நிலத்தில் விடுவதற்கு ஏற்ற வழிகளை வகுப்பதும் அதன் பணிகளில் சேர்ந்தவை. சொந்த ஆய்வுக்கூடங்களும் அமைக்கலாம். ஆகவே காவல், அனுமதி, ஆராய்ச்சி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடியுள்ளன.

பதினேழு நாற்காலிகள்

1974-ம் ஆண்டுச் சட்டப்படி மாநில வாரியத்தில் அதிகபட்சம் பதினேழு பேர் இருக்கலாம். தலைவர் ஒருவர். அவர் சுற்றுச்சூழல் பாதுகாப்பில் தனி அறிவோ நடைமுறை அனுபவமோ உள்ளவராக, அல்லது அப்படிப்பட்ட நிறுவனங்களை நிர்வகித்த அறிவும் அனுபவமும் உள்ளவராக இருக்க வேண்டும். முழு நேரத் தலைவரா, பகுதி நேரத் தலைவரா என்பது மாநில அரசின் விருப்பம். அரசுத் துறைகளின் சார்பில் ஐந்து பேர் வரை. உள்ளாட்சி மன்றங்களிலிருந்து ஐந்து பேர் வரை. அரசு நிறுவனங்களின் சார்பில் இருவர். முழு நேர உறுப்பினர் செயலர் ஒருவர். இவருக்கு மாசுக் கட்டுப்பாட்டின் அறிவியல், பொறியியல் அல்லது நிர்வாகத் துறையில் தகுதியும் அனுபவமும் வேண்டும்.

மீதியுள்ள மூன்று இடங்களில்தான் உழவருக்கு வேலை இருக்கிறது. விவசாயம், மீன்பிடிப்பு, தொழில், வியாபாரம் ஆகிய நலன்களின் பிரதிநிதிகளாக அரசு சாராதவர்கள் மூன்று பேர் வரை நியமிக்கப்படலாம். விவசாயத்தின் பெயர் சட்டத்திலேயே எழுதப்பட்டிருப்பது நல்லதே. ஆனால் விவசாயத்துக்கு இன்ன எண்ணிக்கை, தொழிலுக்கு இன்ன எண்ணிக்கை என்று பிரித்துச் சொல்லவில்லை. மூன்று பேரையும் தொழில், வியாபாரத் தரப்பிலிருந்தே போட்டாலும் சட்டத்தின் எழுத்து மீறப்பட்டதாகாது. நியமிப்பது அரசு, கேட்பவருக்குத்தான் கிடைக்கும். விவசாயச் சங்கங்கள் மின்சாரத்துக்கும் கொள்முதல் விலைக்கும் குரல் கொடுப்பதைப்போல் இந்த நாற்காலிக்கும் குரல் கொடுத்தால் பலன் உண்டு. உள்ளாட்சிக்கான ஐந்து இடங்களில் டெல்டா ஊராட்சி ஒன்றுக்கு இடம் கேட்பதிலும் தவறில்லை.

உறுப்பினராக வருகிறவருக்குக் கட்டுப்பாடுகளும் உண்டு. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரங்களைத் தயாரித்து விற்கும் நிறுவனத்தில் பங்குள்ளவர் உறுப்பினராக முடியாது. தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்குத் தகுந்த காரணமின்றி வராதவர் பதவி இழப்பார். வாரியம் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். உழவர் பிரதிநிதி பெயரளவில் இருந்து பயனில்லை. கூட்டத்துக்குப் போய்த் தன் மாவட்டத்து ஆற்று நீரின் ஆய்வு முடிவுகளைக் கேட்டு வாங்குகிறவராக இருக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றம் சொன்னது

வாரியத் தலைமைக்குத் தகுதியானவர் வேண்டும் என்பது புதிய பேச்சல்ல. 1984-ல் பட்டாச்சார்யா குழுவும், 1990-ல் பெல்லியப்பா குழுவும் மாநில வாரியங்களின் நிலையை ஆராய்ந்து யோசனைகள் கூறின. அப்படியும் பல மாநிலங்களில் துறை அறிவு இல்லாதவர்கள் தலைவர்களாக அமர்த்தப்படுவதாகப் புகார்கள் தொடர்ந்தன. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய், பிறகு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 2017-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி தீர்ப்புக் கூறிய உச்ச நீதிமன்றம், நியமனம் செய்வது மாநில அரசின் அதிகாரம்தான் என்பதை ஒப்புக்கொண்டது. தீர்ப்பாயத்தின் உத்தரவையும் ரத்து செய்தது. ஆனால் தலைவர், உறுப்பினர்களின் தகுதி பற்றி ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் கூறியது.

2024-ம் ஆண்டில் தண்ணீர் மாசுச் சட்டம் திருத்தப்பட்டது. மாநில வாரியத் தலைவரை நியமிக்கும் முறையை மத்திய அரசு வகுக்கலாம் என்று அத்திருத்தம் கூறுகிறது. இது முதலில் இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களுக்கு வந்தது. மற்ற மாநிலங்கள் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி ஏற்றுக்கொள்ளலாம்.

ஒரத்துப்பாளையம் தந்த பாடம்

தலைமை விழிப்பாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நொய்யலே சாட்சி. திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைக்கு அருகில், ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிக்கப்பட்டது. பத்தாயிரம் ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான நிலம் பாசனம் பெறும் என்பது திட்டம். அதில் மிகப் பெரும் பகுதி கரூர் பக்கத்தைச் சேர்ந்தது. அணையில் தேங்கியதோ சாயக் கழிவுநீர். பாசனத்துக்காகக் கட்டிய அணையைத் திறக்கவே வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகள் கேட்கும் நிலை சில ஆண்டுகளுக்குள் வந்துவிட்டது. கிணறுகள் உவர்ந்தன, தென்னை பட்டுப்போயிற்று.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2006-ம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சாயப் பட்டறை உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2009-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி, மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அப்படியும் கழிவு நிற்காததால் 2011-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி திருப்பூரின் சாயப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறையை ஏற்ற பிறகே அவை மீண்டும் இயங்கத் தொடங்கின. இடையில் எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் வேலையின்றித் தவித்தன. ஆரம்பத்திலேயே கண்டித்திருந்தால் உழவருக்கும் நஷ்டமில்லை, பட்டறைத் தொழிலாளிக்கும் கஷ்டமில்லை.

நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம்

தலைமை சரியாக அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. வேலூர், திண்டுக்கல் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலால் நிலம் கெட்டது. வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் நடத்திய கணக்கெடுப்பில், அந்த வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது தெரியவந்தது. இந்தக் கணக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்த நீதிமன்றம், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் ஆணையம் அமைக்கச் சொன்னது.

அதன்படி அடுத்த மாதமே சூழல் இழப்பு ஆணையம் அமைந்தது. தலைவராக நீதிபதி பி. பாஸ்கரன் பொறுப்பேற்றார். 2001-ம் ஆண்டு மார்ச்சில் வேலூர்ப் பகுதியில் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் நஷ்டஈடு என்று ஆணையம் நிர்ணயித்தது. நொய்யல் பகுதியிலும் இருபத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் கணக்கிட்டது. ஆனாலும் விஷயம் அதோடு முடியவில்லை. 2025-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதியும் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் மீண்டும் தலையிட்டு, நஷ்டஈடு வழங்கவும் மேற்பார்வைக் குழு அமைக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது. கெட்ட நிலத்துக்குப் பணம் வந்து சேர ஒரு தலைமுறை ஆகிறது என்பதை டெல்டா விவசாயிகள் மனதில் கொள்ள வேண்டும்.

டெல்டாவின் சொந்தக் கவலைகள்

2017-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியது, ஊரே திரண்டது. 2020-ம் ஆண்டு பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் இதில் சேர்ந்தன. புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கும், தோல் பதனிடும் ஆலைக்கும், செம்பு, துத்தநாகம், அலுமினிய உருக்காலைகளுக்கும் இங்கே இடமில்லை. இந்த மண்டலத்துக்கான அதிகார அமைப்புக்கு முதலமைச்சரே தலைவர். ஆனால் மண்டலத்துக்கு மேலே ஆற்றில் கலப்பதை இந்தச் சட்டம் தடுக்காது. அதற்கு மாசு கட்டுப்பாட்டு வாரியம்தான் கதி. டெல்டா நகரங்களின் சாக்கடையும், வாய்க்கால் கரையில் கழுவும் பூச்சிமருந்து டப்பாக்களும் இதே கணக்கில் சேரும் என்பதை மறக்கலாகாது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

பாசன நீரில் மின்கடத்தும் திறன் 2,250 மைக்ரோ மோ அளவுக்கு மேற்படக் கூடாது, கார அமில நிலை 6-லிருந்து 8.5-க்குள் இருக்க வேண்டும் என்பது மத்திய வாரியத்தின் வரையறை. நெற்பயிர் உப்பை அதிகம் தாங்காது. நாற்றுப் பருவத்திலும் பூக்கும் தருணத்திலும் பாதிப்புக் கூடும். இலை நுனி வெளுத்துக் கருகுதல், வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் நிற்காமை, வரப்போரம் வெள்ளை பூத்தல் ஆகியவை கண்டால் தண்ணீரையும் மண்ணையும் சோதிக்க வேண்டும்.

சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் நிரப்பி, இடமும் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும். மோட்டார்க் கிணறானால் அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு எடுக்க வேண்டும். அன்றே சோதனைக்குச் சேர்ப்பது நல்லது. தஞ்சை காட்டுத்தோட்டத்திலுள்ள மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையத்திலும், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலும் யோசனை பெறலாம். களர் கண்ட நிலத்துக்கு ஜிப்சமும் தக்கைப்பூண்டும் வடிகாலும் உதவும். திருச்சி 3 போன்ற தாங்கும் நெல் ரகங்களும் உண்டு. ஆனால் ஜிப்சம் போட்டு சாயத்தையோ உலோக நஞ்சையோ போக்க முடியாது.

ஆலைக் கழிவு என்று சந்தேகம் வந்தால் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். விவசாயி எடுத்த மாதிரி புகாருக்குத் துணை மட்டுமே. வழக்குக்கு நிற்பது, வாரிய அலுவலர் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, இரு பாகமாகப் பிரித்து, முத்திரையிட்டு எடுக்கும் மாதிரிதான். ஆலைகளுக்கு வழங்கிய இசைவுகளின் பதிவேட்டைச் சம்பந்தப்பட்டவர்கள் பார்வையிடச் சட்டத்தில் உரிமை உண்டு. 1988-ம் ஆண்டுத் திருத்தம், ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் கொடுத்தது. வாரியம் சும்மா இருந்தால் அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துத் தனி நபரும் நீதிமன்றம் செல்லலாம் என்றும் சொன்னது.

மாதந்தோறும் கலெக்டர் தலைமையில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கன அடிக் கணக்கோடு ஆற்று நீரின் ஆய்வுக் கணக்கையும் கேட்டுப் பழக வேண்டும். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மூன்று நாற்காலிகளில் ஒன்று உழவருக்கு என்ற தீர்மானத்தை ஒவ்வொரு சங்கமும் நிறைவேற்றி அனுப்பலாம். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நிலம் கெட்ட பிறகு நீதிமன்றப் படி ஏறினார்கள். தஞ்சைக்கு இன்னும் காலம் இருக்கிறது.