முகம் தெரியாதவரோடு வாதிடும்போது



பிரட்டுக் களத்திலும் ஒட்டுக்கடை வாசலிலும் கூடி நின்று நாட்டு நடப்பைப் பேசுவது நம் தோட்ட மக்களுக்குப் பழகிய வழக்கம். அங்கே வாதம் முற்றினாலும், பேசுகிறவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். சொன்ன சொல் காற்றோடு போய்விடும். மறுநாள் காலையில் இருவரும் ஒன்றாகவே பால்காட்டுக்கு நடப்பார்கள்.

அந்தப் பேச்சில் பெரும்பகுதி இன்று கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. முகநூலிலும் செய்தித்தளங்களிலும் ஊர் பேர் தெரியாதவர்களோடு நாமும் நம் பிள்ளைகளும் வாதிடுகிறோம். இங்கே சொன்ன சொல் அழியாமல் நிற்கிறது. சொன்னவர் முகம் மட்டும் தெரிவதில்லை. அப்படியானால் அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? நம் நாட்டுச் சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் நம் உரிமையைத் தெரிந்துகொள்வோம். கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 10-ஆவது விதி, குடிமக்கள் அனைவருக்கும் பேச்சுரிமை உண்டு என்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு போன்ற காரணங்களுக்காக அந்த உரிமைக்கு நாடாளுமன்றம் வரம்பு கட்டலாம் என்றும் அதே விதி கூறுகிறது. ஆகவே நமக்கு உரிமையும் உண்டு, அதைச் சுற்றி வேலியும் உண்டு.

அந்த வேலிகளில் ஒன்று, 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம். அதன் 233-ஆவது பிரிவின்படி, பிறரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு ஆபாசமான, பொய்யான அல்லது மிரட்டலான செய்தியை இணையத்தில் அனுப்புவது குற்றமாகும். முன்பு இதற்கு 50 ஆயிரம் ரிங்கிட் வரை அபராதமும் 1 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமிருந்தது. 2025-ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த திருத்தம் அதை 5 லட்சம் ரிங்கிட், 2 ஆண்டு என்று உயர்த்தியது. கோபத்தில் தட்டிவிடும் நான்கு வரிகள் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சம்பாத்தியத்தைக் கொண்டுபோகக் கூடும் என்பதை மறந்துவிடக்கூடாது.

இன்னொன்று, 1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம். 2012-ஆம் ஆண்டில் இதில் 114ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தார்கள். பொதுவாக, ஒருவர் குற்றம் செய்தார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 114ஏ பிரிவு இந்தப் பளுவை மறுபக்கம் மாற்றி வைக்கிறது. ஒரு பக்கத்தின் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ ஆசிரியராகவோ உங்கள் பெயரோ படமோ இருந்தால், அங்கே வெளிவந்ததை நீங்களே வெளியிட்டதாகச் சட்டம் கொள்ளும். இணையத் தொடர்பு உங்கள் பெயரில் பதிவாகியிருந்தாலும், செய்தி புறப்பட்ட கணினி உங்கள் வசம் இருந்தாலும் அப்படித்தான். 'நான் வெளியிடவில்லை' என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். இதை எதிர்த்து 2012 ஆகஸ்ட் 14-ஆம் நாள் பல வலைத்தளங்கள் தங்கள் முகப்பைக் கறுப்பாக்கிக் காட்டின. ஆனாலும் அந்தப் பிரிவு நீக்கப்படவில்லை.

இது ஏட்டளவில் நின்ற சட்டமா? இல்லை என்பதற்கு ஒரு வழக்கே சான்று.

2020 ஜூன் மாதம், நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குப் பின் நீதிமன்றங்கள் மீண்டும் முழுமையாக இயங்கப் போவது பற்றி மலேசியாகினி என்ற செய்தித்தளம் ஒரு செய்தி வெளியிட்டது. அதன் கீழே வாசகர்கள் சிலர் நீதித்துறையைக் கடுமையாகத் தாக்கிக் கருத்து எழுதினார்கள். அவற்றில் 5 கருத்துகள் நீதிமன்றத்தை அவமதிப்பவை என்று வழக்கு எழுந்தது. எழுதியவர்கள் முகம் தெரியாத வாசகர்கள். குற்றவாளிக் கூண்டில் நின்றதோ செய்தித்தளம். காவல்துறை தொடர்புகொண்டு தெரிவித்த 12 நிமிடங்களில் அந்தக் கருத்துகளை நீக்கிவிட்டதாக அத்தளம் எடுத்துரைத்தது.

2021 பிப்ரவரி 19-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் 7 பேரில் 6 பேர் செய்தித்தளம் குற்றவாளியே என்றனர். வாசகர் எழுதுவதற்கு வாசலைத் திறந்து வைத்தவர், அதன் வழியே என்ன வருகிறது என்பதைக் கவனிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பது அவர்கள் கருத்தின் சாரம். 114ஏ பிரிவையும் அவர்கள் துணைக்குக் கொண்டார்கள். அபராதம் 5 லட்சம் ரிங்கிட். நீதிபதி நளினி பத்மநாதன் மட்டும் மாறுபட்டார். அந்தக் கருத்துகள் வந்திருப்பது தளத்துக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்கப்படவில்லை, தெரிந்தவுடன் நீக்கியும் விட்டது என்று அவர் காரணம் காட்டினார். அன்றே பொதுமக்கள் சில மணி நேரத்தில் நன்கொடை திரட்டி அந்த அபராதத் தொகையைச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இரு பக்கத்திலும் நியாயம் இருப்பதைக் கவனியுங்கள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம், கேட்பாரில்லை என்றால் அப்பாவிகளின் பெயர் கெடும். அதே வேளையில், வழிப்போக்கர் சொல்லுக்கெல்லாம் வீட்டுக்காரர் அபராதம் கட்ட வேண்டுமென்றால், அவர் வாசலையே அடைத்துவிடுவார். வாசல்கள் அடைபடும்போது பெரிய மனிதர்களுக்கு நட்டமில்லை. அவர்கள் பேச வேறு மேடைகள் உண்டு. வீட்டுடைமைக்கும் சம்பளத்துக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் குரல் கொடுக்க வேண்டிய நம்மைப் போன்றவர்களுக்கே அது பேரிழப்பு.

நம் வீடுகளில் பெரும்பாலும் தகப்பனார் பெயரில் வாங்கிய சிம் அட்டையைப் பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள். அடையாள அட்டையைக் காட்டி வாங்கிய அந்த அட்டையைப் பிறரிடம் கொடுப்பது, கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது போன்றதாகும். வாங்கியவர் ஓடிவிட்டால் கையெழுத்துப் போட்டவரைத்தான் தேடி வருவார்கள். ஆகவே உங்கள் பெயரிலுள்ள அட்டையை அறிமுகமில்லாதவருக்குக் கொடுக்காதீர்கள். கைத்தொலைபேசிக்குப் பூட்டு எண் போடுங்கள். கோயில் குழுவுக்கோ பள்ளிப் பெற்றோர் குழுவுக்கோ வாட்ஸ்அப்பில் நீங்கள் நிர்வாகி என்றால், வருவதை அன்றாடம் பாருங்கள். தவறானதை உடனே நீக்கி, ஏன் நீக்கினீர்கள் என்றும் சொல்லுங்கள்.

வாதிடும் முறையும் ஒன்று உண்டு. ஒரு முடிவைக் குறை கூறலாம். 'இந்தத் தீர்ப்பு சரியில்லை, காரணம் இது' என்று எழுதுவது விமர்சனம். 'தீர்ப்புச் சொன்னவர் கையூட்டு வாங்கினார்' என்று சான்றில்லாமல் எழுதுவது பழி. முன்னதை எழுதத் தயங்காதீர்கள், பின்னதைத் தொடாதீர்கள். இனத்தையும் சமயத்தையும் இழிவுபடுத்தி ஒருவர் சீண்டினால், அதே பாணியில் திருப்பிக் கொடுக்காதீர்கள். அவர் எழுதியதை ஆதாரத்துக்குப் படம்பிடித்து வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள். நீங்கள் எழுதியதையும் அதேபோல் ஒருவர் படம்பிடித்து வைத்திருக்கக் கூடும். பிறகு அழித்தாலும் அது அழியாது.

பிள்ளைகளிடம் 'இணையத்தில் வாயே திறக்காதே' என்று சொல்லிவிடாதீர்கள். வாயை மூடிக்கொள்ளப் பழகிய பிள்ளை, நாளை தன் சம்பளச் சீட்டில் பிழை இருந்தாலும் கேட்காது. 'உன் பெயரைப் போட்டு, நாலு பேர் முன்னிலையில் நின்று சொல்லத் துணிவாயா? துணிந்தால் எழுது' என்று சொல்லிக் கொடுங்கள். பொறுப்போடு பேசுகிறவர்கள் பெருகினால்தான், அந்தப் பளுவை இப்படி நம் தலையில் வைப்பது முறையா என்று நாளை நாம் ஒன்றுசேர்ந்து கேட்பதற்கும் வலுவிருக்கும்.