வித்தைச் சீட்டுக்கட்டு

வித்தைச் சீட்டுக்கட்டு என்பது மாயவித்தை காட்டுவதற்காகச் சிறப்பு முறையில் தயாரிக்கப்பட்ட சீட்டுக்கட்டு ஆகும். பார்வைக்கு இது சாதாரணச் சீட்டுக்கட்டைப் போலவே இருக்கும். ஆனால் சீட்டுகளின் நீளம், அகலம், மேற்பரப்பு அல்லது அடுக்கு வரிசையில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு மாற்றம் செய்யப்பட்டிருக்கும். கைத்திறனால் மட்டும் செய்யக் கடினமான வித்தைகளை எளிதாக்குவதே இம்மாற்றத்தின் நோக்கம்.

வகைகள்

ஸ்வெங்காலி கட்டு: இதில் பாதிச் சீட்டுகள் ஒரே சீட்டின் படிகள்; அவை மற்றவற்றைவிடச் சற்றுக் குட்டையாக வெட்டப்பட்டிருக்கும். குட்டைச் சீட்டும் நெட்டைச் சீட்டும் மாறிமாறி அடுக்கப்பட்டிருப்பதால், ஒரு பக்கமாகப் புரட்டினால் எல்லாம் வெவ்வேறு சீட்டுகளாகத் தெரியும். மறுபக்கமாகப் புரட்டினால் எல்லாம் ஒரே சீட்டாகத் தெரியும். ஜார்ஜ் டு மோரியே எழுதிய 'டிரில்பி' (1894) என்ற ஆங்கிலப் புதினத்தில் பிறரை மனோவசியம் செய்யும் ஸ்வெங்காலி என்ற பாத்திரத்தின் பெயரே இக்கட்டுக்கு வழங்குகிறது.

கூம்புக் கட்டு: ஒவ்வொரு சீட்டும் ஒரு முனையில் மிகச் சிறிதளவு குறுகியிருக்கும். ஒரு சீட்டை மட்டும் தலைகீழாகத் திருப்பிச் செருகினால், அதன் அகன்ற முனை மற்றவற்றின் குறுகிய முனைகளுக்கு நடுவே சற்றுத் துருத்தி நிற்கும். விரல்களால் தடவி அதை உருவிவிடலாம்.

சொரசொரப்புக் கட்டு: சீட்டுகளின் ஒரு பக்கத்தில் சொரசொரப்பு தரும் திரவம் பூசப்பட்டிருக்கும். 1936-இல் அமெரிக்க வித்தைக்காரர் ஜோ பெர்க் உருவாக்கிய கட்டு இவ்வகையில் புகழ்பெற்றது. இன்று அது 'இன்விசிபிள் டெக்' என்ற பெயரில் விற்கப்படுகிறது.

சொரசொரப்பு வேலை செய்யும் விதம்

சாதாரணச் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும்படி மெருகு பூசப்பட்டவை. சொரசொரப்புத் திரவம் உலர்ந்ததும் அந்த மெருகின்மேல் நுண்ணிய மேடுபள்ளங்களை உண்டாக்குகிறது. இப்படிப்பட்ட இரு பரப்புகள் ஒன்றையொன்று தொடும்போது உராய்வு கூடுகிறது. இது பசையன்று. விரலால் அழுத்திப் பிடித்தால் இரு சீட்டுகளும் ஒன்றாகவே நகரும். அழுத்தத்தைத் தளர்த்தி மெல்லப் பக்கவாட்டில் தள்ளினால் பிரிந்துவிடும். அழுத்தம் கூடினால் உராய்வு கூடும் என்ற இயற்பியல் பாடமே இங்கு வித்தையாகிறது.

பயன்படுத்தும் முறை

இன்விசிபிள் கட்டில் 52 சீட்டுகளும் 26 இணைகளாக, முதுகோடு முதுகு ஒட்டி அடுக்கப்பட்டிருக்கும். ஓர் இணையின் இரு எண்களையும் கூட்டினால் 13 வரும். ஏஸ் 1, ஜாக்கி 11, ராணி 12 எனக் கொள்ள வேண்டும். இஸ்பேடுக்கு இணை ஆட்டின்; கிளாவருக்கு இணை டைமண்டு. கட்டின் ஒரு பக்கம் இரட்டைப்படைச் சீட்டுகளின் முகங்கள் தெரியும். மறுபக்கம் ஒற்றைப்படைச் சீட்டுகளின் முகங்கள் தெரியும். ராஜாக்கள் மட்டும் ராஜாக்களோடே இணைந்து, பக்கத்துக்கு இரண்டாக இருப்பதால் அவற்றைத் தனியே நினைவில் வைக்க வேண்டும்.

பார்வையாளர் "ஆட்டின் ஒன்பது" என்று சொல்வதாகக் கொள்வோம். ஒன்பது ஒற்றைப்படை. எனவே இரட்டைப்படைப் பக்கம் மேலே இருக்கும்படி கட்டைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். 13-இல் 9 போனால் 4. ஆட்டினுக்கு இணை இஸ்பேடு. சீட்டுகளை விரித்துக்கொண்டே வந்து, இஸ்பேடு நாலு வந்ததும் அழுத்தத்தைத் தளர்த்தித் தள்ளினால், அதன் அடியில் ஒரு சீட்டின் முதுகு வெளிப்படும். எல்லாச் சீட்டுகளும் முகம் காட்டி நிற்க, ஒன்று மட்டும் கவிழ்ந்திருக்கும். அதைத் திருப்பினால் ஆட்டின் ஒன்பது. மனக்கணக்கைத் தயங்காமல் போட முடிந்தால்தான் வித்தை எடுபடும். ஆகவே தொடக்கநிலையினர் தனிமையில் பலமுறை பழக வேண்டும்.

ஒரே கூட்டத்தில் இதே வித்தையை மறுமுறை செய்யக் கூடாது. கட்டைப் பிறர் கையில் சோதிக்கக் கொடுக்கவும் முடியாது. அதனால் வித்தைக்காரர்கள் அதே முதுகுப்படம் கொண்ட சாதாரணக் கட்டு ஒன்றையும் உடன் வைத்திருப்பார்கள்.

பராமரிப்பு

வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, ஈரம் ஆகியவை சொரசொரப்பைக் கெடுக்கும். சீட்டுகள் வழுக்குவதற்காகச் சிலர் பூசும் பவுடரை இக்கட்டில் பூசவே கூடாது; அது நுண்பள்ளங்களை அடைத்துவிடும். கைகளைக் கழுவித் துடைத்த பின்பே தொட வேண்டும். வித்தை முடிந்ததும் இணைகளைச் சரிபார்த்து, வரிசை கலையாமல் பெட்டியில் வைக்க வேண்டும். நாளடைவில் பிடிப்புக் குறைந்தால் திரவத்தை மெல்லிதாக மறுபடி தெளித்து முழுவதும் உலர விடலாம். பயன்படாமல் போன கட்டை வீட்டிலுள்ள விளையாட்டுச் சீட்டுகளோடு கலந்துவிடக் கூடாது.

நேர்மையும் எல்லையும்

மாயவித்தையில் பார்வையாளர் ஏமாறச் சம்மதித்தே அமர்கிறார். காட்சி முடிந்ததும் அவருக்கு இழப்பு எதுவும் இல்லை. அதே சீட்டைப் பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் நுழைத்தால் அது மோசடி. பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றம். கூம்புக் கட்டு போன்றவற்றைச் சூதாட்டத்தில் ஏமாற்றுவோரும் பயன்படுத்தியுள்ளனர்.

வித்தையைத் தெய்வ சக்தி என்று சொல்லி நம்பவைப்பதும் இதற்கு ஒப்பான தவறே. 1584-இல் இங்கிலாந்தில் ரெஜினால்டு ஸ்காட் வெளியிட்ட நூல், சூனியக்காரர் என்று எளியோர் மீது பழி சுமத்தப்பட்ட காலத்தில் வந்தது. சீட்டு வித்தைகள் உட்படப் பல செப்பிடு வித்தைகளின் சூட்சுமத்தை அது விளக்கி, அவை கைத்திறனே அன்றிப் பேய்களின் செயல் அல்ல என்று காட்டியது. வித்தையின் இரகசியத்தைக் காப்பது இக்கலையின் மரபு. ஆனால் "இது மந்திரமா?" என்று ஒருவர் உண்மையாகவே அஞ்சிக் கேட்டால், "இல்லை, இது பழக்கத்தால் வந்தது" என்று சொல்வது வித்தைக்காரரின் கடமை. அதைச் சொல்வதற்கு இரகசியத்தை வெளியிட வேண்டியதில்லை.